பாட்டன் பாட்டியரும் பேரமக்களும் – சட்டம் காட்டும் வழிகள்

பேரன் என்னுஞ் சொல் பெயரன் என்பதன் மரூஉ என்பதைத் தமிழ் கற்போர் யாவரும் அறிவர். பாட்டனுடைய பெயரைத் தாங்கி அவன் குடியை விளங்கச் செய்வோன் என்பதே அச்சொல்லின் பொருள். பிறந்த மகவுக்குத் தம் தந்தையார் பெயரையோ தாயார் பெயரையோ இட்டு அழைப்பது நம் நாட்டில் பல குலத்தாரிடத்தும் சமயத்தாரிடத்தும் இன்றுங் காணப்படும் வழக்கமாகும். இங்ஙனம் ஒரு பெயராற் பிணைக்கப்பட்ட இருவருள் ஒருவர் மற்றவரைக் காணவொண்ணாதபடி தடுக்கப்படின், அத்தடையை நீக்க நம் நாட்டுச் சட்டத்தில் வழியுண்டோ, உண்டாயின் அஃது எத்தன்மையது என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

கூட்டுக்குடும்பம் நிலைபெற்றிருந்த காலத்தில் இவ்வினா பெரும்பாலும் எழவில்லை. பாட்டனும் பாட்டியும் பேரமக்களும் ஒரு கூரையின்கீழ் ஓருலைச் சோறுண்டு வாழ்ந்தனர். மனத்தாங்கல் நேர்ந்தவிடத்தும் ஊர்ப் பெரியோரோ சபைப் பெரியோரோ இடைநின்று தீர்த்துவைத்தனர். இந்நாளிலோ பிழைப்பை முன்னிட்டு மகன் ஒரு நகரிலும் மகள் வேறொரு நாட்டிலும் வாழ்கின்றனர். மணமுறிவு, இளவயதில் நேரும் மரணம், அதன்பின் நிகழும் மறுமணம் ஆகியவற்றால் குழந்தை ஒரு வீட்டாருடன் போய்விட, மற்றை வீட்டார் அதன் முகத்தையுங் காணாது ஏங்குகின்றனர். முதியோர்க்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் சில; குழந்தைப் பருவமோ அதனினும் விரைந்து கழிவது. இரண்டு வயதிற் பிரிந்த குழந்தை ஆறு வயதிற் பாட்டியை அயலாளாகவே எண்ணும். ஆகலின் இவ்விஷயத்தில் தாமதமே பேரிழப்பாய் முடிகின்றது.

உரிமை யாருடையது?

இந்தியச் சட்டங்களை நோக்குமிடத்து, பேரமக்களைக் கண்டு அளவளாவும் உரிமை பாட்டன் பாட்டியர்க்கு உண்டென்று வெளிப்படையாக விதிக்கும் பொதுச் சட்டம் ஒன்றும் இல்லை. 2007-ஆம் ஆண்டிற் பிறந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் முதியோர்க்குப் பெரிதும் உதவுவதே. ஆயினும் அஃது உணவு, உடை, உறையுள், மருத்துவம் என்பவற்றிற்கு வேண்டும் பொருளை மக்களிடமிருந்து பெற்றுத்தரும். பேரக்குழந்தையைக் கண்ணிற் காட்டித் தரமாட்டாது. அச்சட்டத்தில் வரும் மக்கள் என்னுஞ் சொல் பேரன் பேத்தியரையும் உட்கொள்ளினும், வயது நிரம்பாத சிறாரை விலக்கியே நிற்கின்றது.

அவ்வாறாயின் வழியே இல்லையோவெனின், உண்டு. அவ்வழி குழந்தையின் நலம் என்னும் வாயிலினூடே செல்கின்றது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகிய 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் தனது 17-ஆம் பிரிவில், நீதிபதியானவர் மைனரின் நலத்தை நோக்கியே ஆணையிடல் வேண்டும் என்கின்றது. இந்துக்களுக்குரிய 1956-ஆம் ஆண்டின் இளமைப்பருவம், பாதுகாவல் பற்றிய சட்டமும் தனது 13-ஆம் பிரிவில், குழந்தையின் நலமே ஏனைய யாவற்றினும் தலையாயது என்று வற்புறுத்துகின்றது.

முற்கூறிய 17-ஆம் பிரிவு நீதிபதி கருதவேண்டியவற்றை ஒவ்வொன்றாய் எடுத்தோதுகின்றது. அவை யாவையெனின்: குழந்தையின் வயது, பால், சமயம், பாதுகாவலராக வர விரும்புவோரின் ஒழுக்கம், ஆற்றல், உறவின் அணிமை, இறந்துபோன பெற்றோர் தெரிவித்த விருப்பம், குழந்தையோடு அவர்க்கு முன்பு இருந்ததும் இப்பொழுது இருப்பதுமாகிய தொடர்பு என்பனவாம். குழந்தை தன் விருப்பத்தை அறிந்து கூறத்தக்க பருவம் எய்தியிருப்பின் அவ்விருப்பத்தையும் நீதிபதி கேட்டறியலாம்.

இவற்றுள் உறவின் அணிமையும் முன்னுள்ள தொடர்புமே பாட்டன் பாட்டியர் பற்றி நிற்கத்தக்க இரு தூண்கள். என் பேரனைக் காண எனக்கு உரிமையுண்டு என்று மட்டும் வாதிப்போர் கால் ஊன்ற இடமின்றித் தடுமாறுவர். என்னைப் பிரிந்தமையால் இக்குழந்தை இன்னின்ன நன்மையை இழந்து நிற்கின்றது என்று காட்டுவோர்க்கு நீதிமன்றம் செவிசாய்க்கும். உரிமை குழந்தையினுடையது, அவ்வுரிமையைக் குழந்தைக்காகக் கேட்டுப்பெறுவோரே முதியோர். இதுவே யாம் இங்கு வற்புறுத்தும் முதற் கருத்தென்க.

நால்வகை நிலைமைகள்

முதியோர் நிற்கும் நிலைமை எல்லா வீட்டிலும் ஒன்றாயிராது. அதனை நால்வகையாகப் பிரித்துக் காண்போம்.

முதலாவது, தாயுந் தந்தையும் ஒருங்கு வாழ்ந்து, அவ்விருவருமே முதியோரை விலக்கி வைத்திருக்கும் நிலை. இங்கே சட்டத்தின் துணை மிகச் சிறிது. தந்தையோ தாயோ உயிருடனிருந்து, பாதுகாவலராயிருக்கத் தகுதியற்றவரல்லராயின், வேறொருவரைக் குழந்தைக்குப் பாதுகாவலராக நியமித்தல் கூடாது என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தடுக்கின்றது. முன்னர் இப்பிரிவு தந்தையை மட்டுமே சுட்டிற்று. 2010-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தால் தாயும் அதனுட் சேர்க்கப்பட்டாள். பெற்றோர் இருவரும் ஒருமனதாய்ச் செய்யும் முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. ஆகவே இந்நிலையிலுள்ளோர் வழக்காட எண்ணுவதினும் சமரசத்தை நாடுவதே அறிவுடைமையாம்.

இரண்டாவது, கணவனும் மனைவியும் பிரிந்து, குழந்தை ஒருவர்பால் வளரும் நிலை. மணவழக்கு நடக்கும்போதே குழந்தையின் வளர்ப்பு, படிப்பு, சந்திப்பு ஆகியவற்றைப்பற்றி ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. இந்துக்களாயின் 1955-ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், கிறிஸ்தவர்களாயின் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகளும், 1954-ஆம் ஆண்டின் சிறப்பு விவாகச் சட்டப்படி மணந்தோராயின் அதன் 38-ஆம் பிரிவும் இதற்கு ஆதாரம். இவ்வழக்குகளில் வாதியும் பிரதிவாதியும் தம்பதிகளேயாதலின், பாட்டன் பாட்டியர் தம் மகன் அல்லது மகள் வாயிலாகவே தம் வேண்டுகோளைச் செலுத்துதல் எளிது. தந்தை குழந்தையைக் காணும் நாட்களில் அச்சந்திப்பு பாட்டனார் இல்லத்தில் நிகழலாம் என்றோ, பண்டிகை நாட்களிற் குழந்தை அங்குத் தங்கலாம் என்றோ ஒரு வரி சமரசப் பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பின், பின்னர்ப் பல பிணக்குகள் ஒழியும். அவ்வொரு வரியை எழுதச்சொல்ல மறந்தமையால் ஆண்டுக்கணக்கில் அலைந்து திரிவோர் உளர்.

மூன்றாவது, பெற்றோருள் ஒருவர் இறந்துபோக, மற்றவர் குழந்தையுடன் அகன்றுவிடும் நிலை. மகனையோ மகளையோ பறிகொடுத்தோர்க்கு அம்மகவின் சாயலைக் காட்டும் குழந்தையும் எட்டாததாய்விடுவது இங்கேயாதலின், நெஞ்சை மிக வருத்துவது இதுவே. எஞ்சியுள்ள தாயோ தந்தையோ இயற்கைப் பாதுகாவலர் ஆதலால், அவர் தகுதியுடையவராயிருக்கும்வரை பாதுகாவலர் பதவியை முதியோர் பெறுதல் அரிது. ஆயினும் பாதுகாவல் வேறு; வளர்ப்புப் பொறுப்பு வேறு; கண்டுவருதல் வேறு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் தனது 7-ஆம் பிரிவில் இம்மூன்றையும் தனித்தனியே பெயர் கூறி, மூன்றனையும் விசாரிக்கும் அதிகாரத்தை அந்நீதிமன்றத்திற்கு அளித்திருக்கின்றது. எனவே முழுப் பொறுப்பைக் கோராது, மாதத்திற் சில நாழிகை குழந்தையுடன் இருக்கும் அனுமதியை மட்டும் முதியோர் கேட்கலாம். உயர் நீதிமன்றங்கள் இத்தகைய அனுமதியை அளித்த தீர்ப்புக்களும் உண்டு.

எஞ்சியுள்ளவர் தகுதியற்றவராய்க் காணப்படின் நிலைமை மாறும். தாயின் மரணத்தைப்பற்றித் தந்தையின்மேற் குற்ற வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு விவகாரத்தில், 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கையும் சிறுவனின் விருப்பத்தையும் கருத்திற்கொண்டு, அவனைத் தாய்வழிப் பாட்டன் பாட்டியர்பாலே இருக்கச் செய்தது. 2019-ஆம் ஆண்டில் வேறொரு விவகாரத்தில், தாய் நோயால் இறந்தபின் அவளுடைய உடன்பிறந்தார் வளர்த்துவந்த குழந்தையை அந்நீதிமன்றம் தந்தையினிடம் ஒப்புவித்தது. ஒப்புவித்த அதே தீர்ப்பில், வளர்த்தவர்கள் குழந்தையைக் கண்டுவருவதற்கும் இடம் வைத்தது. ஒரு தீர்ப்பு முதியோர்க்கும் மற்றொன்று தந்தைக்கும் வெற்றியாகத் தோன்றினும், இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை என்பது நுணுகி நோக்குவார்க்குப் புலனாம்.

நான்காவது, பெற்றோர் இருவரும் இறந்துபட்ட நிலை. இங்கே 19-ஆம் பிரிவின் தடை இல்லையாதலின், பாட்டன் பாட்டியர் நேரே பாதுகாவலராகும்படி விண்ணப்பிக்கலாம். கொரோனாத் தொற்றுப் பரவிய 2021-ஆம் ஆண்டிற் பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு சிறுவனைப்பற்றி, தந்தைவழிப் பாட்டன் பாட்டியர்க்கும் தாயின் சகோதரிக்கும் குஜராத்தில் வழக்கு நேர்ந்தது. உயர் நீதிமன்றம், சிற்றன்னைக்கு உத்தியோகமும் இளமையும் உண்டு என்பதை எண்ணி அவர்பக்கம் தீர்த்தது. 2022-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, வருவாயையும் வயதையும் மட்டுங் கொண்டு குழந்தையின் நலத்தை அளத்தல் தகாது என்று கூறிப் பாட்டன் பாட்டியரிடமே ஒப்புவித்தது. முதுமையே ஒரு குற்றமாகாது என்பது இத்தீர்ப்பால் விளங்கும்.

ஏறவேண்டிய படிகள்

இனி, மேற்கூறிய நிலைமைகளில் எவ்வாறு முயலவேண்டும் என்பதைப் படிமுறையாகக் கூறுவோம்.

முதற்படி கடிதம். குழந்தையை வைத்திருப்பவர்க்குக் குற்றச்சாட்டு யாதுமின்றி, இன்ன நாளில் இன்ன இடத்திற் காண விரும்புகின்றோம் என்று பணிவுடன் எழுதுதல் வேண்டும். பிறந்தநாள் வாழ்த்து, பள்ளிக் கட்டணம் செலுத்திய ரசீது, பண்டிகைக்கு அனுப்பிய ஆடை, ஒருங்கெடுத்த நிழற்படம் ஆகியவற்றைப் பேணி வைத்தலும் நன்று. இவை அன்பின் அடையாளங்கள். நாளை வழக்கு நேரின் முன்னுள்ள தொடர்புக்குச் சான்றுகளும் ஆகும். குடும்ப நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் கடுமைக்குட்படாது, தனக்கு உதவுமென்று தோன்றும் பத்திரங்களை ஏற்கலாம் என்று அதனை நிறுவிய சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகின்றது.

இரண்டாம் படி சமரசம். மாவட்டந்தோறும் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகின், வழக்குத் தொடுக்குமுன்னரே இருதிறத்தாரையும் அழைத்துப் பேச ஏற்பாடு செய்வர். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி அதிகாரிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்மக்கள் தம் வருமானம் எத்துணையாயினும் இலவசச் சட்ட உதவி பெறுதற்கு உரியர். ஆகவே வக்கீல் கட்டணத்திற்கு அஞ்சி வாளாவிருக்கும் பாட்டிமார்க்கு இதனை எடுத்துச் சொல்லுதல் கற்றோர் கடமையாம்.

மூன்றாம் படி விண்ணப்பம். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்நீதிமன்ற எல்லைக்குட்பட்டதோ அங்கேயே மனுச் செய்தல் வேண்டும். பாட்டன் வாழும் ஊர் கணக்கிற் கொள்ளப்படாது. குடும்ப நீதிமன்றம் இல்லாவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, மைனரின் உறவினர் எவரும் பாதுகாவலரைப்பற்றி விண்ணப்பிக்கலாம் என்கின்றது; 12-ஆம் பிரிவு, விசாரணை முடியுமுன்னரே இடைக்கால ஆணை பிறப்பிக்க இடந்தருகின்றது. முதியோர் இவ்விடைக்கால ஆணையைத் தொடக்கத்திலேயே கேட்டல் இன்றியமையாதது. வழக்கு முடியும்வரை காத்திருப்பின் குழந்தை அவர்களை மறந்துவிடும். மறந்தபின் முன்னுள்ள தொடர்பு என்னும் தூணே சாய்ந்துவிடும். நீதிமன்றமே ஒருவரைப் பாதுகாவலராக நியமித்திருப்பின், அவர் நடக்கவேண்டிய முறையை வகுக்குமாறு அக்கறையுடைய எவரும் 43-ஆம் பிரிவின்கீழ் வேண்டலாம். குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பு ஏற்கத்தகாததாயின் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கேட்பது சிறிதாயிருத்தல் நலம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கோடை விடுமுறையில் ஒரு வாரம், வாரத்திற்கொரு முறை தொலைபேசியிற் பேச்சு என இங்ஙனம் வரையறுத்துக் கேட்போர்க்கு இணங்குதல் எளிது. 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், குழந்தையை நேரிற் காணவியலாத தாய் தந்தையர் தொலைபேசியாலும் முகங்காட்டும் காணொளியாலும் தொடர்பு கொள்ளலாமென்று எடுத்துரைத்தது. கடல்கடந்து வாழும் பேரமக்களையுடையோர் இம்முறையைத் தமக்கும் பொருத்திக் கேட்கலாம்.

இறுதிப்படி ஆட்கொணர்வு மனு. சட்டத்தாற் பொறுப்புப் பெறாத ஒருவர் குழந்தையைக் கைக்கொண்டு மறைத்து வைத்திருப்பின், உயர் நீதிமன்றத்தை இம்மனுவால் அணுகலாம். கண்டுவருவதற்காக மட்டும் இதனைக் கையாளுதல் பொருந்தாது. சொந்தத் தாயிடமோ தந்தையிடமோ இருக்கும் குழந்தையைக் கொணர இதனை ஏவினால், பெரும்பாலும் பயன் விளைவதில்லை.

பிறநாட்டார் கொண்ட முறை

இவ்விஷயத்தில் ஏனைய நாட்டார் எங்ஙனம் நடக்கின்றனர் என்பதை அறிதலும் பயனுடைத்து. பிரான்சு தேசத்துச் சிவில் சட்டத்தொகுதியின் 371-4 ஆம் விதி, தன் முன்னோரோடு உறவு பூண்டிருத்தல் குழந்தையின் உரிமை என்றும், குழந்தையின் நலனொன்றே அதற்குத் தடையாகக்கூடும் என்றும் வெளிப்படையாகக் கூறுகின்றது. இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பாட்டன் பாட்டியர் பெரும்பாலும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று, அதன்பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வொரு இராச்சியமும் இதற்கெனச் சட்டஞ் செய்திருக்கின்றது. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் ட்ராக்ஸல் வழக்கு என வழங்கும் விவகாரத்தில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை வகுத்தது. மகன் இறந்தபின் பேத்தியர் இருவரை மாதத்தில் இரண்டு வாரயிறுதி நாட்கள் தம்முடன் வைத்திருக்கப் பாட்டன் பாட்டியர் விரும்பினர். தாயோ மாதத்தில் ஒருநாட் போதும் என்றாள். எவரும் எக்காலத்தும் குழந்தையைக் காண விண்ணப்பிக்கலாம் என்ற வாஷிங்டன் இராச்சியச் சட்டம் மிக விரிந்தது என்றும், தகுதியுள்ள தாயின் முடிவுக்குச் சிறப்பான மதிப்பளித்தல் வேண்டும் என்றும் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் முதன்மைத் தீர்ப்பெழுதினார். தாய் சந்திப்பை முற்றிலும் மறுக்கவில்லை என்பதும் அங்கே கருதப்பட்டது.

நம் நாட்டிலும் சீர்திருத்தம் பேசப்படாமலில்லை. 2015-ஆம் ஆண்டிற் சட்ட ஆணையம் தனது 257-ஆம் அறிக்கையில், பாட்டன் பாட்டியர் குழந்தையுடன் கழிக்கும் காலத்தைப்பற்றியும் நெறிகள் வகுத்தல் வேண்டுமென்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இதுகாறும் சட்டமாக மலரவில்லை.

ஓர் ஆட்சேபமும் விடையும்

குழந்தையை வளர்ப்பவர் பெற்றோர். அவர்தம் அதிகாரத்தில் முதியோரை நுழைத்தல் வீட்டிற் கலகத்தையே வளர்க்கும் என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தாயைப் பழித்துப் பேசித் தந்தைவழிப் பற்றை ஊட்டும் பாட்டியும், மருமகன்மேற் கொண்ட பகையைப் பேரன் செவியிற் பெய்யும் பாட்டனும் உலகில் உளர். அத்தகையோர் விண்ணப்பத்தை நீதிமன்றம் தள்ளுமாயின் அது நீதியேயாம். இளம் விதவையாகிய மருமகள் மறுமணம் செய்துகொண்டு புதுவாழ்வு தொடங்குங்கால், முன்னைக் கணவனின் பெற்றோர் அவளைக் கண்காணிக்கும் கருவியாகக் குழந்தையைப் பயன்படுத்துதலும் அடாது.

ஆனால், மறுமணஞ் செய்த தாய்க்குப் புதுவாழ்வு உண்டெனின், குழந்தைக்குப் பழைய வேரும் உண்டு. இறந்துபோன தந்தை எவ்வாறு நகைத்தான், எந்த மரத்திலேறிக் கைமுறித்துக்கொண்டான், எப்பாடலை முணுமுணுத்தான் என்பதைக் குழந்தைக்குச் சொல்ல அவனைப் பெற்றவரைவிட உரியவர் யாவர்? தந்தை முகமே காணாது வளரும் பிள்ளைக்கு அவ்வரலாறு உணவும் உடையும் போன்ற தேவையே. இதனை எடுத்துக்காட்டும் முதியோர் தாயின் அதிகாரத்தைக் கவர வந்தவரல்லர் என்பதை எந்நீதிபதியும் உணர்வார். வளர்ப்பவரை மதித்தலும் குழந்தையை நாடலும் ஒருங்கே இயலும். அங்ஙனம் இயலச் செய்வோரே வழக்கிலும் வழக்கின் பின்னும் வெற்றி பெறுவர். ஏனெனில் ஆணைத்தாளைப் பெற்றபின்னரும் வாயிற்கதவைத் திறக்கவேண்டியவர் அத்தாயே.

மாணவ நண்பர்காள்! இவ்வியாசத்தைப் படிப்போருள் நாளை வக்கீலாகவும் நீதிபதியாகவும் அமர்வோர் சிலர் இருத்தல் கூடும். பலர்க்கோ இன்றே செய்யத்தக்க கடமை ஒன்றுண்டு. 1875-ஆம் ஆண்டின் பருவமெய்தற் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் மைனரல்லர். பாதுகாவலர் அதிகாரமும், நீதிமன்றம் வகுத்த சந்திப்பு நாட்களும், பெற்றோரிடைப் பிணக்கும் அவ்வயதோடு அவரைக் கட்டுப்படுத்தாதொழிகின்றன. கல்லூரி வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுட் பெரும்பாலோர் அவ்வெல்லையைக் கடந்தவர்கள். குடும்பப் பிணக்கால் நீங்கள் ஆண்டுகள் பல காணாத பாட்டனோ பாட்டியோ எங்கேனும் இருப்பின், அவரைச் சென்று காண எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. மனுவும் வேண்டா, வக்கீலும் வேண்டா. பேருந்துக் கட்டணமும் ஒரு விடுமுறை நாளும் இருந்தாற் போதும். வருகின்ற விடுமுறையிலேயே புறப்படுக.